ஏழாம் நம்பர் கதிரை

ஐயோ பிள்ளை, அதில இருக்காதேங்கோ. இதில இருங்கோ, இது எட்டாம் நம்பர், இதில இருந்தா ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். ஏழாம் நம்பர் இண்டைக்கு லண்டனுக்கு, மியூசியத்துக்கு வெளிக்கிடுற ஆளெல்லே, அவரைக் கரைச்சல் படுத்தப்படாது. ஓம் ஓம், மூண்டு மணிக்கு வான் வருமெண்டு எனக்கும் தெரியும். இப்ப ஒண்டரைதானே. கதிரையைச் சுத்திக் கட்டிக் கையெழுத்து வைக்க எவ்வளவு நேரம் போகும்? முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ.

ஓம், சீனி போட்டிருக்குத்தான். உங்க பாருங்கோவன் முகத்தை! இந்த நாட்டில பிறந்த பிள்ளையளுக்குச் சீனியைக் கண்டா பேயைக் கண்ட மாதிரி. ஒரு நாளைக்குக் குடிச்சா ஒண்டும் செய்யாது.

நான் கதைக்கிறது விளங்குதுதானே? ஆ, விளங்கும், ஆனா மறுமொழி இங்கிலீசிலதான் வரும். பரவாயில்லை, என்ர வீட்டிலயும் ஒண்டு அப்பிடி வளந்து நிக்குது. நான் குணவதி. இந்த ஹோட்டலில இருவத்திரண்டு வருஷமா ஹவுஸ்கீப்பிங். உங்கட பெரியவர் போன கிழமை போகேக்க, சாமானைக் கட்டப் பிரசாந்தி எண்டு ஒரு பிள்ளையை அனுப்புவன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். அந்தப் பேரைக் கேட்டதில இருந்து எனக்கு நித்திரை இல்லை. ஏனெண்டு பிறகு சொல்லுறன்.

உங்கட பெரியவர் இருக்கிறாரே, அந்த வெள்ளைத் தாடிக்காரர், நல்ல மனிசன்தான். ஆனா அண்டைக்கு அவர் பட்ட பாடு! இந்தப் பன்ரண்டு கதிரையையும் ஒவ்வொண்டாத் தடவிப் பாத்தார், மணந்து பாத்தார், காதைக் குடுத்துத் தட்டியும் பாத்தார். ஏழாம் நம்பருக்கு வந்த உடன தொப்பெண்டு நிலத்தில மல்லாக்கப் படுத்திட்டார். நான் ஆள் மயங்கிட்டுதாக்கும் எண்டு தண்ணிப் போத்திலோட ஓடிவந்தன். மயக்கமுமில்லை ஒண்டுமில்லை, டோர்ச் அடிச்சுக் கதிரையின்ர அடியைப் பாக்கிறார். அங்க ஒரு அடையாளம் உளியால வெட்டிக் கிடக்காம். இவ்வளவு காலமும் ஒருத்தரின்ர கண்ணிலயும் படேல்லையாம். மனிசனுக்குக் கண் கலங்கிப் போச்சு.

இடையன் ஆடு மேய்க்கிற வளைஞ்ச தடி மாதிரி இருக்காம் அந்த அடையாளம். செய்தவரின்ர முத்திரையாம். அப்ப இது ஒண்டுதான் பட்டறைக் குரு தன்ர கையால செய்ததாம், மிச்சம் பதினொண்டும் சிஷ்யப் பெடியள் இதைப் பாத்துச் செய்ததாம். அதுக்கு நாலு பக்க அறிக்கை. வாசிச்சனீங்களோ? வாசிச்சிருப்பியள், சம்பளம் தாறவரெல்லே. படத்தில அந்த அடையாளம் தெரிஞ்சதோ? கறுப்பா ஒண்டும் விளங்கேல்லையோ? நல்லது. இல்லை இல்லை, இப்ப எழும்பித் திருப்பிப் பாக்க வேண்டாம். இருங்கோ எண்டு சொன்னனெல்லே.

நான் அண்டைக்கு உதில வக்கூம் மெஷின் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அவர் குரு சிஷ்யன் எண்டு சொல்லச் சொல்ல எனக்கு அடக்க ஏலாமல் போச்சு. நேர துவாய் அடுக்கிற அறைக்குள்ள போய், ஒரு துவாயை வாய்க்குள்ள அடைஞ்சுகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சன். சிரிச்சு முடிய ஒரு மாதிரியாப் போச்சு. அதில துவாய்க் குவியலுக்கு மேலயே இருந்திட்டன்.

இன்னொண்டும் சொன்னவர். இந்தச் சாமானுக்கு ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் எண்டு பேராம். நான் இவ்வளவு நாளும் அதை ஏதோ பள்ளிக்கூடப் பாடம் எண்டுதான் நினைச்சிருந்தன். நூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்தில கொஞ்சப்பேர், மெஷினில அடிச்சுத் தள்ளுற சாமான் எங்களுக்கு வேண்டாம், கையாலதான் செய்யோணும், மரம் பொருந்துற மூட்டை ஒளிக்கப்படாது, செய்தவன்ர கை தெரியோணும் எண்டு வெளிக்கிட்டவையாம். அப்பிடிச் செய்த கதிரையளைத்தான், இந்த வைட்டாக்கரே மலையில ஹோட்டல் கட்டேக்க கப்பலில கொண்டுவந்து இறக்கினவையாம். செய்தவன்ர கை தெரியோணும். அந்தக் கதை எனக்குள்ள அப்பிடியே நிண்டுட்டுது.

சரி, நீங்கள் பெரியபிள்ளையாகேக்க சாமத்தியவீடு செய்தனீங்களோ? ஏன் வெக்கப்படுறியள், நானும் பொம்பிளைதானே. ஹெலிகொப்டரில வந்து இறங்கேல்லையோ? இப்ப அப்பிடியும் நடக்குது. இல்லை, காரணத்தோடதான் கேக்கிறன்.

பதினாலு வருஷத்துக்கு முந்தி எங்கட ஆக்கள் ஒரு குடும்பம் இஞ்ச கீழ் மண்டபத்தை எடுத்து மகளுக்குச் சாமத்தியவீடு வைச்சவை. எல்லாம் வடிவா ஒழுங்கு பண்ணியிருந்தவை. பிள்ளையை இருத்துற தங்கக் கலர்ச் சிம்மாசனம் மட்டும் வரேல்லை. அது மோட்டர்வேயில டிராஃபிக்கில நிக்குது. நல்லநேரம் முடிய இன்னும் பதினாலு நிமிஷம். தாய்க்காரி அழுறா. ஐயர் மணிக்கூட்டைப் பாக்கிறார். மாமிமார் ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுகினம். நான் என்ன செய்யிறது? வேற நாட்டுக்காரி எண்டா, சிம்மாசனம் வரட்டும், பிறகு செய்யுங்கோ எண்டு சொல்லியிருப்பாள். எனக்கு வாய் வரேல்லை. நல்லநேரம் தப்பினா அந்தத் தாய்க்காரி காலம் முழுக்க மனசில வைச்சிருப்பாவெல்லே.

மேல ஓடிவந்து இதில நிண்ட ஏழாம் நம்பரைத் தூக்கிக்கொண்டு போனன். இந்தக் கதிரையளை இந்த அறை வாசலுக்கு அங்கால கொண்டு போகப்படாது, அது பெரிய சட்டம். ஆனா அந்தப் பிள்ளை அதில இருக்க, அம்மாளாச்சி மாதிரி இருந்தது. உயரமான முதுகு, ரெண்டு பக்கமும் கை, மேல சட்டத்தில இந்த இலை வடிவான ஓட்டை. சிம்மாசனம் பிச்சை வாங்கோணும்.

பிறகு ஆலாத்தி. வாழைப்பழத் துண்டில திரியைக் குத்திக் கொளுத்திச் சுத்துறதெல்லே, கண்டிருப்பியள். ஒரு மாமி வீடியோக்காரனைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு சுத்தினவா. தட்டுச் சரிஞ்சு போச்சு. பிள்ளை துள்ளி எழும்பிட்டுது, பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லை, கடவுள் காப்பாத்தினார். கதிரையில இருக்கிற இடம் காய்ஞ்ச புல்லால பின்னினதெல்லே. எண்ணெயும் நெருப்பும் பட்டா விடுமோ? பக்கெண்டு பத்திக்கொண்டுது. நான் நிறைகுடத்தைத் தூக்கி அப்பிடியே ஊத்தினன். நம்பமாட்டியள், எரிஞ்ச கதிரையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நிறைகுடத்தை ஊத்திப்போட்டன் எண்டுதான் அவ்வளவு மாமியும் என்னைப் பேசினவை.

நீங்கள் சிரிக்கிறியள். எனக்கு அண்டைக்குக் காலும் ஓடேல்லை கையும் ஓடேல்லை. ஒரு கை கரி, முன்கால் ரெண்டும் கரி, இருக்கிற இடமே இல்லை. வீடு வாங்கி எட்டு மாசம்தான். மோர்ட்கேஜ் என்ர சம்பளத்திலதான் ஓடுது, என்ர மனிசனுக்கு அப்ப கிழமையில மூண்டு நாள்தான் வேலை. ஊத்தைத் துணி தள்ளுற வண்டிலுக்குள்ள கதிரையைப் படுத்தி, மேல கட்டில் விரிப்பைப் போட்டு, பின்வாசலால காரில ஏத்தி வீட்டை கொண்டுபோட்டன்.

ஆ, இப்ப தேத்தண்ணியைக் கீழ வைச்சிட்டியள். இவள் என்ன சொல்லப்போறாள் எண்டு முகம் மாறுது. கெட்டிக்காரி.

என்ர மனிசன் இராசரத்தினம். வெஸ்ட்கேட் பக்கம் குசினி அலுமாரி செய்யிற ஒரு தொழிற்சாலையில வேலை செய்தவர். பலகையை மெஷினுக்குள்ள விடுறது, மற்றப் பக்கத்தால எடுக்கிறது. ஆனா ஆள் சரியான மரவேலைக்காரன். மூக்குக்கு மேல கோவம் வரும், வாய் கொஞ்சம் புழுகும், கை மட்டும் பொய் சொல்லாது. கதிரையைக் கண்ட உடன எனக்குப் பேச்சு விழும் எண்டு நினைச்சன். ஆனா அந்தாள் அதைச் சுத்திச் சுத்தி வந்து, குணம், இதில ஒரு இரும்பாணியும் இல்லையடி எண்டார். வேலை போகப்போகுதெண்டு நான் அழுதுகொண்டு நிக்கிறன், அந்தாளுக்குக் கல்யாண வீட்டுச் சந்தோஷம்.

எரிஞ்சதைத் திருத்தேலாது, புதுசு செய்யலாம் எண்டிட்டார். புக்கெகோஹி எண்ட ஊரில ஒரு பழைய சேர்ச் உடைக்கினம் எண்டு கேள்விப்பட்டு, அங்க போய் ஆக்கள் இருந்து கும்பிடுற ஓக் மர வாங்கு ரெண்டு கொண்டுவந்தார். அதுவும் நூறு வருஷத்து மரம். அதாலதான் உங்கட பெரியவர் எவ்வளவு மணந்தும் பிடிபடேல்லை. எரிஞ்ச கதிரையைத் துண்டு துண்டாக் கழட்டி, மூட்டெல்லாத்தையும் பாத்துப் படிச்சார். அந்தா பாருங்கோ, காலின்ர நுனி கைக்குள்ளால ஊடுருவி மேல எட்டிப் பாக்குதெல்லே? அதை மூண்டு தரம் வெட்டி எறிஞ்சு நாலாந்தரம்தான் சரிவந்தது. கறுக்க வைக்கிறதுக்கு அமோனியாப் புகை பிடிக்கோணுமாம். கார் விடுற கராச்சுக்குள்ள பிளாஸ்ரிக்கால கூடாரம் அடிச்சு, கதிரையை உள்ளுக்கு விட்டு, தட்டில அமோனியா வைச்சார். பக்கத்து வீட்டு முன்சாமி, பிஜிக்காரர், பேர்தான் முன்சாமி, தமிழ் ஒரு சொல்லும் வராது, மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிக்கு மேலால எட்டிப் பாத்து எத்தினை பூனை வளக்கிறியள் எண்டு கேட்டார்.

பதினொரு கிழமை எடுத்தது. அவ்வளவு நாளும் இஞ்ச எப்பிடிச் சமாளிச்சனான் எண்டோ? அப்பத்தைய மனேச்சர் மாசத்துக்கு ஒருக்கா எண்ணுவா. இந்த அறையில ஆறு, வாசிக்கிற அறையில ஆறு. அவ இஞ்ச எண்ணி முடிய, நான் ஒரு கதிரையைப் பின் ஒழுங்கையால தூக்கிக்கொண்டு ஓடி அங்க வைச்சிட்டு, பூவுக்குத் தண்ணி விடுற மாதிரி நிப்பன். மூண்டு தரம் அப்பிடி ஓடினனான். என்ர முழங்கால் அண்டைக்குப் போனதுதான், இண்டைக்கும் திரும்பி வரேல்லை.

பழைய கதிரையில இருந்த பித்தளை ஏழாம் நம்பரைக் கழட்டி இதில பூட்டினவர். இந்தா, உங்களுக்கு முன்னால நிக்கிறது அந்தாள் செய்த கதிரைதான்.

நம்பேல்லையோ? சரி, எழும்புங்கோ. இப்ப திருப்பிப் பாருங்கோ. மெல்ல, அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ, நான் இந்தப் பக்கம். ஃபோன் வெளிச்சத்தை அடியுங்கோ. என்ன தெரியுது?

பாத்தியளே. உங்கட அப்பா வீட்டில கொப்பி தொடங்கேக்க, கடைச் சாமான் துண்டு எழுதேக்க முதல்ல என்ன போடுறவர்? ஓம், பிள்ளையார் சுழி. இடையன்ர தடியாம் தடி! இந்த மனிசன் அதைப் போடாமல் ஒரு மரத்திலயும் வாள் வைக்கமாட்டார். வெஸ்ட்கேட்டில அரைவாசி வீட்டுக் குசினியில, சிங்குக்குக் கீழ பலகையில பிள்ளையார் இருக்கிறார். சட்டி கழுவுற வெள்ளைக்காரருக்குத் தெரியுமே?

சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ. நானும் அப்பிடித்தான் சிரிச்சனான். இனி ஏன் நித்திரை போச்செண்டு விளங்கும். உங்கட இடத்தில ஒரு ஜோனோ டேவிட்டோ வந்திருந்தா கட்டிக்கொண்டு போயிருப்பான். நீங்கள் எண்டா ஒரு பார்வையில பிடிச்சிடுவியள். அப்ப நீங்கள் பிடிக்க முதல் நானே சொல்லுறதோ, இல்லாட்டி லீவு போட்டுட்டு வீட்டில ஒளிச்சிருக்கிறதோ எண்டு ஒரு கிழமையா யோசிச்சன்.

ஓம், எனக்குத் தெரியும், வேலை போகலாம். பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கு. பொலிசுக்குப் போனாலும் போவினம். போகட்டும். எரிஞ்ச உண்மையான ஏழாம் நம்பர் எங்கட கராச்சில, என்ர பழைய சீலையால சுத்தின படி பத்திரமாக் கிடக்கு. ஒரு துண்டும் எறியேல்லை. அதை அவையள் எடுக்கட்டும், திருத்தட்டும், கண்ணாடிக்குள்ள வைக்கட்டும். நீங்கள் என்ன எழுதுறது, கையெழுத்து வைக்கிறதோ இல்லையோ, அது உங்கட வேலை. நான் அதில கை வைக்கேல்லை. உங்கட தாடிக்காரரின்ர முகம் போற போக்கைப் பாக்கத்தான் பாவமா இருக்கும்.

பிறகு ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை எண்டோ?

அதுதான் பிள்ளை, மிச்சக் கதை.

இவர் கதிரையைச் செய்து தந்த உடன வாய் சும்மா இருக்கேல்லை. கோயிலில, பிறந்தநாள் வீட்டில, ஆரைக் கண்டாலும், மேல மலை ஹோட்டலில என்ர கதிரை ஒண்டு நிக்குது, போய்ப் பாருங்கோ எண்டு தொடங்கிட்டார். எங்கட ஆக்களுக்குச் சொன்னா ரேடியோவுக்குச் சொன்ன மாதிரித்தானே. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டை போய் ஒரு பொய் சொன்னன். மனேச்சர் கண்டுபிடிச்சிட்டா, கள்ளக் கதிரை எண்டு சொல்லி வெளியில நிக்கிற குப்பைத் தொட்டிக்குள்ள தூக்கி எறிஞ்சிட்டா, என்னை இந்த ஒருக்கா மன்னிச்சு விட்டிருக்கினம், இனி இதைப் பற்றி மூச்சு விடாதேங்கோ எண்டு.

கத்துவார் எண்டு நினைச்சன். கத்தேல்லை. எறியேக்க உடைஞ்சதோ எண்டு மட்டும் கேட்டார். நான் ஓம் எண்டன். எந்த மூட்டு விட்டது எண்டு கேட்டார். வாயில வந்தபடி கைமூட்டு எண்டு சொல்லிப்போட்டன். அந்த நாலாந்தரம் வெட்டின மூட்டு.

அண்டைக்கே உளி, சீவுளி எல்லாத்தையும் எண்ணெய்த் துணியில சுத்திக் கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போட்டார். பதினாலு வருஷம், பிள்ளை. அதுக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு அகப்பைக் காம்பும் அந்தாள் செய்யேல்லை. தொழிற்சாலைக்குப் போனார், பலகையை மெஷினுக்குள்ள விட்டார், வந்தார். போன வருஷம் பென்ஷனும் எடுத்திட்டார். நான் ஒவ்வொரு நாளும் இஞ்ச வந்து இந்தக் கதிரையைத் துடைச்சனான். துடைச்சுப்போட்டு வீட்டை போய் அந்தாளுக்குச் சோறு போட்டனான். இண்டைக்குச் சொல்லுவம் நாளைக்குச் சொல்லுவம் எண்டு காலம் போச்சு. பிறகு வெக்கமாப் போச்சு. இப்ப கதிரை லண்டனுக்குப் போனா, நான் சொன்ன பொய் உண்மையாப் போயிடுமெல்லே.

இல்லை, அழேல்லை. தேத்தண்ணிச் சூடு.

என்ர முழங்காலால நான் கார் ஓடுறேல்லை. அவர்தான் ஒவ்வொரு நாளும் கொண்டுவந்து இறக்கி ஏத்துறவர். ஒரு நாளும் இந்த வாசல்படி மிதிச்சதில்லை. என்ர கதிரையைக் குப்பையில போட்ட இடத்துக்கு நான் என்னத்துக்கு வாறது எண்டு ஒருக்காச் சொன்னவர். மழையெண்டாலும் காருக்குள்ளதான் இருப்பார். இண்டைக்கும் கீழ கார்ப் பாக்கிங்கில இருக்கிறார். அரைநாள் வேலை, முடிய வெஸ்ட்கேட்டுக்குப் போய்ச் சப்பாத்து வாங்குவம் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தனான். இன்னொரு பொய்.

பிள்ளை, நான் போய்க் கூப்பிட்டா வரமாட்டார். என்னைப் பாத்த உடன என்னவெண்டு கேப்பார், எனக்கு வாய் வராது. நீங்கள் போங்கோ. சில்வர் டொயோட்டா, கண்ணாடியில முருகன் படம் ஒட்டியிருக்கு. வேற ஒண்டும் சொல்ல வேண்டாம். ஐயா, உங்கட கதிரையைக் கட்டி அனுப்ப வந்திருக்கிறன், ஒருக்கா வந்து மூட்டைப் பாத்துச் சொல்லுங்கோ எண்டு கேளுங்கோ. தமிழில கேளுங்கோ, என்ன. பிழைச்சாலும் பரவாயில்லை.

என்னைப் பேசுவார். பேசட்டும், பதினாலு வருஷத்துப் பேச்சு, நான் வாங்கத்தான் வேணும். போங்கோ, நேரம் போகுது. நீங்கள் வாறதுக்குள்ள நான் இதை நிமித்தி வைச்சுத் துடைச்சு விடுறன். செய்த நாளில இருந்து அந்தாள் இதில ஒருக்காலும் இருந்ததில்லை.